நாலு மெஷின் சேர்ந்தும் ஒரு மெஷினைவிட மெதுவாக ஓடுகிறது: மென்பொருள் பகிர்நினைவகத்தில் மெசேஜ்களைக் குறைப்பது எப்படி?

#1 இழைநெசவு

வணக்கம். எம்.இ. ப்ராஜெக்டுக்காக மென்பொருள் பகிர்நினைவகம் ஒன்றைச் சொந்தமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். லேபில் நாலு லினக்ஸ் மெஷின், நடுவில் ஒரு ஜிகாபிட் ஸ்விட்ச். நாலிலும் ஒரே முகவரியில் ஒரே நினைவகம் இருப்பதுபோல ப்ரோகிராமுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

செய்திருப்பது ஐவி என்ற பழைய பகிர்நினைவக சிஸ்டத்தின் முறை. 1980களில் யேல் பல்கலையில் காய் லீ செய்ததைப் படித்துவிட்டு அப்படியே எழுதினேன். நினைவகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் எம்ப்ரொடெக்ட் என்ற சிஸ்டம் கால் போட்டு மூடி வைக்கிறேன். ப்ரோகிராம் அதைத் தொட்டால் ஃபால்ட் ஆகி சிக்செக்வி என்ற சிக்னல் வரும். அதைப் பிடிக்கும் ஹேண்ட்லர், அந்தப் பக்கம் எந்த மெஷினில் இருக்கிறதோ அங்கே கேட்டு 4096 பைட்டையும் வாங்கி வைத்துவிட்டுத் திறந்துவிடும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம். எழுத வருபவர் மற்றவர்களிடம் இருக்கும் பிரதிகளை எல்லாம் செல்லாததாக்கிவிட்டுத்தான் எழுதுவார்.

சோதனைக்கு ஜகோபி எடுத்தேன் (சுற்றுக்குச் சுற்று ஒவ்வொரு புள்ளியும் அக்கம்பக்கத்து நாலு புள்ளியின் சராசரியாக மாறும் கணக்கு). 1000×1000 டபுள் (8 பைட் எண்), பழையது புதியது என்று இரண்டு அணி, ஆளுக்கு 250 வரிசை, ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு பேரியர் (நாலு பேரும் வந்து சேரும்வரை யாரும் தாண்டக் கூடாத இடம்). ஒரே மெஷினில் 500 சுற்று இரண்டு வினாடிக்குள் முடிகிறது. நாலு மெஷினில் இருபது நிமிடம் ஓடவிட்டுப் பார்த்து, முடியாமல் நிறுத்திவிட்டேன். ஒரு வாரமாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தைச் சுருக்கி அனுப்பலாம் என்று கம்ப்ரெஷன்கூடச் சேர்த்துப் பார்த்தேன், மாற்றமில்லை. எங்கே தேடுவது என்று சொன்னால் பெரிய உதவி.

#2 பழையவட்டு

தம்பி, கம்ப்ரெஷனை முதலில் எடுத்துவிடுங்கள். ஜிகாபிட் லைனில் 4096 பைட் போக ஏறக்குறைய 33 மைக்ரோவினாடிதான். உங்கள் நேரம் கம்பியில் போகவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருப்பதில் போகிறது. எத்தனை பைட் என்பதைவிட எத்தனை மெசேஜ் என்பதுதான் இங்கே கணக்கு.

இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, டிசிபியா யூடிபியா? டிசிபி என்றால், பக்கம் கேட்கும்போது "என்ன வேலை" என்பதை ஒரு ரைட்டிலும் "எந்தப் பக்கம்" என்பதை இன்னொரு ரைட்டிலும் எழுதுகிறீர்களா? அப்படியானால் நேகிள் அல்காரிதம் இரண்டாவது துண்டைப் பிடித்து வைக்கும், முதல் துண்டுக்கு ஆக் (வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை) வரும்வரை. எதிர்ப்பக்கமோ ஆக்கைத் தாமதப்படுத்தும். லினக்ஸில் 40 மில்லிவினாடி வரை. ஒரு பக்கத்துக்கு 40 மில்லிவினாடி என்றால் எந்த ப்ரோகிராமும் நகராது. இரண்டையும் ஒரே ரைட்டில் அனுப்புங்கள், நேகிளை நிறுத்த டிசிபி நோடிலே போடுங்கள்.

இரண்டு, ஹேண்ட்லருக்குள் ஒரு சின்னக் கணக்கு வையுங்கள்: எந்தப் பக்கத்தில் எத்தனை ஃபால்ட். பக்க எண் வாரியாகக் கூட்டி, அதிகமாக உள்ள பத்தை மட்டும் இங்கே போடுங்கள். ஊகம் வேண்டாம்.

#3 கரைவலை

கேட்கிறேன் என்று தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதற்கு எம்பிஐ, அதாவது ப்ரோகிராமே நேரடியாக மெசேஜ் அனுப்பும் முறை, போதுமே? ஜகோபியில் யாருக்கு எந்த வரிசை வேண்டும் என்று முன்னாலேயே தெரியும். அந்த ஒரு வரிசையை அனுப்பினால் வேலை முடிந்தது. பகிர்நினைவகம் என்று ஒரு திரையைப் போட்டு, திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் தவிப்பதைவிட அது நேரடியானது. நான் பத்து வருடமாக எம்பிஐயில்தான் எழுதுகிறேன்.

#4 இழைநெசவு

பழையவட்டு சார், நன்றி. நீங்கள் சொன்னபடியே இரண்டு ரைட் இருந்தது. சேர்த்துவிட்டேன், நோடிலேயும் போட்டேன். ஃபால்ட் ஒன்றுக்கு 40 மில்லிவினாடி என்பது 150 மைக்ரோவினாடி அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனாலும் ஓட்டம் முடியவில்லை.

ஃபால்ட் கணக்கு வைத்ததில்தான் ஆச்சரியம். அணி இருக்கும் பக்கங்களில் சுற்றுக்கு ஒன்றிரண்டு ஃபால்ட்தான். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது. முகவரியைப் பார்த்தால் அது அணியே இல்லை. 'பிழை' என்று நாலு டபுள் கொண்ட ஒரு சின்ன அரே. ஒரு சுற்றில் மதிப்புகள் எவ்வளவு மாறின என்று கூட்ட வைத்திருந்தேன். உள்லூப்பில் இப்படி இருக்கிறது:

பிழை[நான்] += வித்தியாசம் * வித்தியாசம்;

ஆளுக்கு ஒரு இடம்தானே, யாரும் அடுத்தவர் இடத்தைத் தொடவில்லையே என்று நினைத்தேன்.

#5 பழையவட்டு

அகப்பட்டுவிட்டது. நாலு டபுள் என்றால் 32 பைட். அந்த 32 பைட்டும் ஒரே 4096 பைட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கண்ணுக்கு நாலு தனி இடம். உங்கள் சிஸ்டம் பார்ப்பது ஒரே பக்கம். ஒருவர் 8 பைட் எழுத மற்ற மூவரின் பிரதியும் போய்விடுகிறது. அடுத்தவர் எழுத வந்தால் முழுப் பக்கமும் அவரிடம் ஓட வேண்டும். சுற்றுக்கு ஆளுக்கு 2,50,000 முறை அந்த வரியைத் தொடுகிறீர்கள். இதைத்தான் ஃபால்ஸ் ஷேரிங் என்பது, போலிப் பகிர்வு. உண்மையில் யாரும் யாரோடும் எதையும் பகிரவில்லை, ஆனால் பகிர்வுக்கான முழு விலையும் கொடுக்கிறீர்கள்.

லோக்கல் வேரியபிளில் கூட்டி, பேரியருக்கு முன் ஒரே ஒரு முறை அரேயில் எழுதுங்கள். இதில் நொந்துகொள்ள ஒன்றுமில்லை. ரைஸ் பல்கலையில் செய்த ட்ரெட்மார்க்ஸ் என்ற பகிர்நினைவக சிஸ்டத்தைப் பற்றி 1994இல் வெளியான கட்டுரையில், ஸ்ப்ளாஷ் என்ற சோதனை ப்ரோகிராம் தொகுப்பில் உள்ள வாட்டர் என்ற ப்ரோகிராமிலும் இதே குணம்தான். நீர் மூலக்கூறுகளுக்கிடையே விசை கணக்கிடுவது. மூலப் பிரதியில் ஒவ்வொரு மூலக்கூறின் விசையைக் கூட்டும்போதும் ஒரு லாக் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் வைத்திருக்கக்கூடிய பூட்டு) எடுக்கும். அதை மாற்றி, ஒவ்வொரு ப்ராசசரும் தன்னிடமே கூட்டி வைத்துக்கொண்டு கடைசியில் மொத்தமாகச் சேர்க்கும்படி செய்தார்கள். அப்படி மாற்றிய பிறகும் 8 மெஷினில் 4 மடங்கு வேகம்தான் கிடைத்தது. அந்த அளவுக்கு அதில் பேச்சு அதிகம்.

#6 மணல்மேடு

பழையவட்டு சொன்னது ப்ரோகிராம் எழுதுபவர் செய்ய வேண்டியது. ஆனால் இழைநெசவு, உங்கள் ப்ராஜெக்ட் ப்ரோகிராம் இல்லை, சிஸ்டம். உங்கள் சிஸ்டத்தைப் பயன்படுத்துபவர் நாளை இதே தவறைச் செய்வார். அப்போதும் அது முடங்கக் கூடாது. அதற்கு வழி 1991லேயே வந்துவிட்டது. ரைஸ் பல்கலையின் ம்யூனின் என்ற பகிர்நினைவக சிஸ்டம்.

யோசனை இதுதான். ஒரே பக்கத்தில் பலர் ஒரே நேரத்தில் எழுதட்டும், விட்டுவிடுங்கள். முதல் முறை எழுத வரும்போது ஃபால்ட் வரும் அல்லவா, அப்போது பக்கத்தை ஒரு நகல் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பெயர் ட்வின். அப்புறம் பக்கத்தைத் திறந்துவிடுங்கள். எத்தனை முறை எழுதினாலும் இனி ஃபால்ட் இல்லை, மெசேஜ் இல்லை. லாக்கை விடும்போதோ பேரியருக்கு வரும்போதோ, ட்வினையும் இப்போதைய பக்கத்தையும் வார்த்தை வார்த்தையாக ஒப்பிட்டு, மாறியதை மட்டும் எடுத்தால் அது டிஃப். உங்கள் 'பிழை' அரேயில் ஒவ்வொருவருடைய டிஃபும் 8 பைட்தான். நாலு டிஃபும் ஒன்றன்மேல் ஒன்று விழாது, எந்த வரிசையில் சேர்த்தாலும் சரியாக வரும்.

இது எப்படிச் செல்லும் என்றால், லாக்கும் பேரியரும் ஒழுங்காகப் போட்ட ப்ரோகிராமில், ஒருவர் எழுதியதை இன்னொருவர் அந்த லாக்கையோ பேரியரையோ தாண்டிய பிறகுதான் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் காட்டினாலும் காட்டாவிட்டாலும் ப்ரோகிராமுக்கு வித்தியாசம் தெரியாது. 1990இல் ஸ்டான்ஃபோர்டின் டாஷ் குழு ரிலீஸ் கன்சிஸ்டன்சி என்று வரையறுத்தது இதைத்தான். ஐவி ஒவ்வொரு எழுத்தையும் உடனே ஊருக்கே சொல்கிறது. அவ்வளவு அவசரம் யாருக்கும் தேவையில்லை.

உங்கள் அணியிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. வரிசைக்கு 8000 பைட், 250 வரிசைக்கு 20,00,000 பைட். 4096ஆல் வகுத்தால் மீதி வருகிறது. 0விலிருந்து எண்ணினால் 488ஆம் பக்கத்தில் முதல் 1152 பைட், அதாவது 144 டபுள், முதல் ஆளுடையது. மிச்சம் 368 டபுள் இரண்டாவது ஆளுடையது. எல்லைக் கல் பக்கத்தின் நடுவில் நிற்கிறது. உங்கள் ஃபால்ட் கணக்கில் 488 வந்திருக்க வேண்டுமே?

#7 இழைநெசவு

வந்திருக்கிறது அக்கா! முதல் பத்தில் 488 இருந்தது. புதிய அணி, பழைய அணி இரண்டிலும் அதே இடம். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

லோக்கல் வேரியபிளுக்கு மாற்றிவிட்டேன். 500 சுற்று 1.4 வினாடியில் முடிகிறது. ஒரு மெஷினில் 1.9. முதல் முறையாக நாலு மெஷின் ஜெயித்திருக்கிறது. ராத்திரி பதினொன்றரைக்கு லேபில் தனியாக உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ட்வின், டிஃப் இரண்டையும் எழுதத் தொடங்குகிறேன். ஒரு சந்தேகம்: லாக்கை விடும்போது டிஃபை யாருக்கு அனுப்புவது? பிரதி வைத்திருக்கும் எல்லாருக்குமா?

#8 மணல்மேடு

ம்யூனின் அப்படித்தான் செய்தது, எல்லாருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு லாக்கும் அதற்குள் ஒரு வரிசைப்பட்டியலும் இருக்கிறது. முதல் மெஷின் எடுத்து மாற்றி விடுகிறது, பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. ஒவ்வொரு முறை விடும்போதும் மற்ற மூவருக்கும் அனுப்பினால், அந்த மூவரில் அடுத்து லாக் எடுப்பவர் ஒருவர்தான். மற்ற இருவருக்கும் போனது வீண்.

1992இல் பீட் கெலஹர், ஆலன் காக்ஸ், வில்லி ஸ்வேனபோல் மூவரும் சொன்னது லேஸி ரிலீஸ் கன்சிஸ்டன்சி. விடும்போது ஒன்றும் அனுப்பாதே. அடுத்து லாக் கேட்டு வருபவரிடம், லாக்கைக் கொடுக்கும் அதே மெசேஜில், "இந்த இந்தப் பக்கங்களை மாற்றியிருக்கிறேன்" என்ற குறிப்பை மட்டும் சேர்த்துக் கொடு. அதற்கென்று தனி மெசேஜ் கிடையாது. அவர் அந்தப் பக்கங்களை மூடி வைத்துக்கொள்வார். உண்மையாகவே தொட்டால் மட்டும் டிஃபைக் கேட்பார். கேட்கும்வரை டிஃபைக் கணக்கிடக்கூட வேண்டாம். யார் எதுவரை பார்த்திருக்கிறார்கள் என்பதை வெக்டர் டைம்ஸ்டாம்ப் வைத்துத் தெரிந்துகொள்வார்கள். மெஷினுக்கு ஓர் எண், நாலு எண் கொண்ட பட்டியல், அவ்வளவுதான். ட்ரெட்மார்க்ஸ் இதன்மேல்தான் கட்டப்பட்டது. முழுக்க யூசர் லெவலில், நீங்கள் செய்வதுபோலவே எம்ப்ரொடெக்ட், சிக்செக்வி வைத்து. கர்னலைத் தொடவே இல்லை.

ட்ரெட்மார்க்ஸ் கட்டுரையை எழுதியவர்களில் சந்தியா துவாரகதாஸ் ஐஐடி மெட்ராஸில் பி.டெக். முடித்துவிட்டு ரைஸ் போனவர். நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு அவர் கட்டுரைகள் ஒரு காரணம், அதனால் சொல்கிறேன்.

#9 கரைவலை

என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ட்வின், டிஃப், வெக்டர் டைம்ஸ்டாம்ப் என்று இவ்வளவு செய்தும் எம்பிஐ அளவுக்கு வருமா?

#10 பழையவட்டு

நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

வரிசையை 1024 டபுளாக நீட்டிவிடுவோம், கடைசி 24 வெறும் இட்டுநிரப்பல். வரிசை 8192 பைட், சரியாக இரண்டு பக்கம். எல்லைக் கல் பக்கத்தின் விளிம்புக்கு வந்துவிடும், 488 பிரச்சினை போய்விடும். இப்போது ஒரு சுற்றுக்கு என்ன ஆகும்? பிழை கூட்டுவதை இரு தரப்பிலும் விட்டுவிடுகிறேன்.

எம்பிஐ: மூன்று எல்லை, ஒவ்வொன்றிலும் இரு திசை, மொத்தம் 6 மெசேஜ். 6 × 8000 = 48,000 பைட்.

பகிர்நினைவகம்: அதே 6 வரிசை, வரிசைக்கு இரண்டு பக்கம், 12 ஃபால்ட். ஒவ்வொன்றுக்கும் கேட்க ஒன்று, கொடுக்க ஒன்று என 24 மெசேஜ். பேரியருக்கு மூவர் வந்து சொல்ல 3, போகலாம் என்று சொல்ல 3. ஆக 30. பைட்? 12 × 4096 = 49,152.

பைட் ஏறக்குறைய சமம். மெசேஜ் ஐந்து மடங்கு. நான் முதலில் சொன்னதன் பொருள் இதுதான். இதில் பாதிக்கு மேல் "எனக்கு இது வேண்டும்" என்று கேட்பதற்கும், "முடித்துவிட்டேன்" என்று சொல்வதற்கும் போகிறது. எம்பிஐயில் தரவு வந்து சேர்வதே "முடித்துவிட்டேன்" என்பதற்கான அறிவிப்பு. பகிர்நினைவகத்தில் அறிவிப்பு தனி, தரவு தனி. 1995இல் ரைஸ் குழுவே ட்ரெட்மார்க்ஸையும், எம்பிஐ போலவே மெசேஜ் அனுப்பும் பிவிஎம்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து, வேகம் குறைவதற்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. போலிப் பகிர்வு இன்னொன்று. டிஃப் சேர்ந்துபோவது மற்றொன்று: ஒரே பக்கத்தை வரிசையாக ஏழு பேர் மாற்றினால், எட்டாவது ஆள் ஏழு டிஃபையும் வாங்க வேண்டும், அவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும்.

கரைவலை சொல்வது ஜகோபிக்குச் சரி. அடுத்து எந்தத் தரவு வேண்டும் என்பது ஓடும்போதுதான் தெரியும் என்ற வகை ப்ரோகிராம்களும் உண்டு. மர வடிவத் தேடல், மரபணுப் பிணைப்பைக் கணக்கிடும் ஐலிங்க். அவற்றை எம்பிஐயில் எழுதியவர்களுக்குத் தெரியும், யாருக்கு எது வேண்டும் என்று கையால் கணக்கு வைப்பதே பாதி வேலை.

#11 கரைவலை

30க்கு 6 என்று யாரும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை. ஒப்புக்கொள்கிறேன், நான் ஒழுங்கான அணி வேலைகள்தான் அதிகம் செய்திருக்கிறேன். சரி, அந்த 30ஐக் குறைக்க முடியாதா? ஒரு வரிசைக்கு இரண்டு பக்கம் எப்படியும் வேண்டும் என்று தெரிந்தால் இரண்டையும் ஒரே முறை கேட்கலாமே?

#12 மணல்மேடு

கேட்கலாம். ஃபால்ட் 12இலிருந்து 6 ஆகும், மொத்தம் 18 மெசேஜ். எந்தப் பக்கங்கள் சேர்ந்தே வருகின்றன என்று முந்தைய சுற்றைப் பார்த்து சிஸ்டமே கற்றுக்கொள்ளலாம்.

இன்னும் ஒரு படி போனவர்கள் உண்டு. 1996இல் துவாரகதாஸ், காக்ஸ், ஸ்வேனபோல் குழு கம்பைலரையும் சேர்த்துக்கொண்டது. லூப்பைப் பார்த்தாலே யார் எந்தப் பகுதியைப் படிப்பார் என்று கம்பைலருக்குத் தெரியும். அதை ரன்டைமுக்குச் சொல்லிவிட்டால், ஃபால்ட்டுக்காகக் காத்திருக்காமல் எழுதியவரே நேராகத் தள்ளிவிடலாம். எல்லாம் முழுதாகத் தெரிந்த இடத்தில் பேரியரே தேவையில்லை. தரவு வருவதே அறிவிப்பு. அங்கே 30 அப்படியே 6 ஆகிவிடும், கரைவலையின் 6.

டிஃப் சேர்ந்துபோவதற்கும் அதே 1996இல் ஒரு வழி வந்தது. பக்கத்துக்கு ஒரு வீடு. ஹோம் பேஸ்டு என்பார்கள். பிரின்ஸ்டனில் ஜோ, இஃப்டோட், காய் லீ மூவரும் 64 கணு கொண்ட இன்டெல் பாரகான் என்ற கணினியில் செய்து காட்டினார்கள். லாக்கை விடும்போது டிஃபை வீட்டுக்கு மட்டும் அனுப்பிவிடு. வீடு அதை உடனே பூசிவிட்டு டிஃபைத் தூக்கிப்போட்டுவிடும். யாருக்குப் பக்கம் வேண்டுமோ, வீட்டில் ஒரு முறை கேட்டால் முழுப் பக்கமும் வரும். பைட் கூடும், மெசேஜ் குறையும், பழைய டிஃப்களைச் சேர்த்து வைக்கும் பாரமும் இல்லை. வீட்டுக்காரரே எழுதினால் ட்வினும் வேண்டாம், டிஃபும் வேண்டாம்.

இழைநெசவு, உங்கள் ப்ராஜெக்டுக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். லேஸி டிஃப் முறையை எழுதி, அதில் பழைய டிஃப்களைக் குப்பையாக அள்ளிப்போடுவதையும் சரியாகச் செய்ய ஆறு மாதம் போதாது. ஆர்டிஎம்ஏ (அடுத்த மெஷினின் நினைவகத்தை நேரடியாகப் படிக்கும் வசதி) கார்டு உள்ள மெஷின்களில் ஓட்ட நேர்ந்தாலும் இது வசதி. வீட்டு மெஷினின் ப்ராசசரை எழுப்பாமலே பக்கத்தை எடுத்துவிடலாம். 2015இல் உப்சலா பல்கலையில் வந்த ஆர்கோ என்ற சிஸ்டம், எதிர்முனையில் யாரும் மெசேஜைக் கையாள வேண்டியதே இல்லாத வகையில் கட்டப்பட்டது.

#13 பழையவட்டு

ஒரு எச்சரிக்கை மட்டும். டிஃப் எழுதிய பிறகு அளக்கும்போது அணியின் உட்புறத்தைப் பூஜ்யத்தில் தொடங்க வேண்டாம். விளிம்பிலிருந்து மதிப்பு உள்ளே பரவ ஒரு சுற்றுக்கு ஒரு வரிசைதான். அதுவரை நடுவில் பூஜ்யத்தை அழித்துப் பூஜ்யமே எழுதுகிறீர்கள். ட்வினோடு ஒப்பிட்டால் மாற்றமே இல்லை, டிஃப் காலியாக வரும். உங்கள் சிஸ்டம் பிரமாதம் என்று தோன்றும், ஆனால் அது உண்மையான வேகம் அல்ல. ஏதாவது பூஜ்யமல்லாத மதிப்புகளைப் போட்டு அளந்து, அந்த எண்ணைத்தான் ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.

#14 இழைநெசவு

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஹோம் பேஸ்டு முறையில் திரும்ப எழுதினேன். உட்புறம் முழுக்கப் பூஜ்யமல்லாத மதிப்புகள். 500 சுற்று, நாலு மெஷின்:

வரிசையை 1024 ஆக்கியதும் 0.95 வினாடி. இரண்டு பக்கத்தையும் ஒரே முறை கேட்டதும் 0.76. ஒரு மெஷினில் அதே 1.9தான்.

அதோடு, வேண்டுமென்றே பழைய 'பிழை' அரேயை உள்லூப்பில் திரும்ப வைத்து ஓட்டினேன். இருபது நிமிடத்தில் முடியாதது 1.2 வினாடியில் முடிந்தது. மணல்மேடு அக்கா, நீங்கள் சொன்ன "பயன்படுத்துபவர் தவறு செய்தாலும் முடங்கக் கூடாது" என்பதை ரிப்போர்ட்டில் தனி அத்தியாயமாக எழுதப்போகிறேன்.

ஒன்று மட்டும் நிற்கிறது. எந்தப் பக்கத்துக்கு எந்த மெஷின் வீடு என்பதை இப்போது இந்த அணிக்கென்று கையால் எழுதி வைத்திருக்கிறேன். பொதுவாகப் பக்க எண்ணை நாலால் வகுத்த மீதியை வைத்து முடிவு செய்தால், ஒரு மெஷின் தான் மட்டுமே எழுதும் பக்கத்துக்கும் முக்கால்வாசி நேரம் டிஃபை வேறு வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

#15 மணல்மேடு

முதல் பேரியர் வரை வீடு யாருக்கும் ஒதுக்காதீர்கள். யார் முதலில் எழுதுகிறாரோ அவருக்கே கொடுத்துவிடுங்கள். அணியில் தொடக்க மதிப்பைப் போடுவதையும் நாலு பேருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், அதை மறக்க வேண்டாம். ஒரே மெஷின் உட்கார்ந்து மொத்த அணியையும் நிரப்பினால் எல்லாப் பக்கமும் அதன் வீட்டிலேயே தங்கிவிடும். ஓட்டிவிட்டு எண்ணைப் போடுங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறேன்.